கை மாறி வந்த கற்பூரவல்லி

மும்பைத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் தாராவியின் தோல் தொழிலையும் மாட்டுங்காவின் கல்விக்கூடங்களையும் தவறாது குறிப்பர். சன்னலோரத் தகர டப்பாவில் தழைக்கும் கற்பூரவல்லியைக் குறிப்பார் இலர். அவ்வெளிய செடியைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையினர் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்தனர். 1896இல் பிளேக் நோய் நகரை வாட்டியதன் விளைவாக 1898இல் நகர் அபிவிருத்தி டிரஸ்டு தோன்றிற்று. அது வகுத்த மாட்டுங்காவில் அலுவலகப் பணியாற்றிய தமிழர் குடியேறினர். பின்னர் செம்பூரிலும் பரவினர். குடிசைக்கும் மாடி வீட்டிற்கும் எத்தனையோ வேற்றுமைகள். ஆயினும் கொல்லையின்மை இரண்டிற்கும் பொது. ஆதலின் கொல்லையே சன்னலில் ஏறி அமர்ந்தது.

நம்மூர்ச் செடி என்று நாம் உரிமை பாராட்டும் இதுவும் பல கடல் கடந்ததே. ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் தானே வளர்வது. 1790இல் லூரெய்ரோ என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் அம்போய்னாத் தீவின் பெயரால் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். கரீபியன் தீவுகளில் இதனை ஓரிகானோவாகவே சமையலிற் சேர்ப்பர். நம் பிள்ளைகள் பீட்சாவின்மேல் தூவும் ஓரிகானோவும் துளசியும் இதுவும் ஒரே தாவரக் குடும்பத்தின. மராத்தி அண்டை வீட்டாரோ ஓம மணம் கண்டு இதனை ‘ஓவா’ இலை என்பர்.

கடலை மாவில் தோய்த்துப் பொரித்தால் பஜ்ஜி. வதக்கித் தேங்காயும் மிளகாயும் புளியும் கூட்டி அரைத்தால் துவையல். ரசத்திற்கு இறக்குந் தறுவாயில் கிள்ளிப் போட்டால் மணம் நிற்கும். மழைக்காலத்துச் சளிக்குக் கஷாயம் வைப்பதும் வழக்கம். அடைமழையில் வேர் அழுகாதிருக்க டப்பாவின் அடியில் துளையிடல் வேண்டும்.

இச்செடி விதை பிடிப்பது அரிது. ஒடித்து நட்ட தண்டிலிருந்தே தழைக்கும். ஆகவே ஒவ்வொரு செடிக்குப் பின்னும் ஒடித்துக் கொடுத்த ஒரு கை உண்டு. ஊர் கேளாது, சாதி கேளாது, மொழி கேளாது கொடுத்த கைகளே இதனை வாழ்வித்தன.

பழைய குடியிருப்புகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. வீடு மாறுவோர் பாத்திரங்களை எண்ணி எடுத்துச் செல்வர். சன்னல் டப்பா பின்தங்கிவிடும். கொடுப்பார் அற்றால் கொடிவழி அறும். புதுமனை புகும் அன்பர்கள் ஒரு தண்டை உடன் கொண்டு செல்க. மற்றொன்றை எதிர்வீட்டார்க்கு ஈக.