கூட்டத்தின் குரலும் கால்சட்டைக் கோயிலும்

சிட்னியின் ஹில்சாங் சபை 1992இல் தன் முதல் நேரடி ஒலிப்பதிவை வெளியிட்டது. அது முதல் 1996இன் ‘ஷவுட் டு தி லார்ட்’ வரை வரிசையாகக் கேட்டுவந்தால் ஒன்று பிடிபடும். இந்த ஆல்பங்களில் கூட்டமும் ஒரு வாத்தியம். பாடகர் வாயை மூடுகிறார், கூட்டம் பல்லவியை எடுக்கிறது, கேட்கிறவருக்குப் புல்லரிக்கிறது. ஆனால் கூட்டத்தின் மைக்கை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று முடிவு செய்கிறவர் கூட்டத்தில் இல்லை, மிக்ஸிங் மேசையில் இருக்கிறார். சமத்துவம் என்று நம் காதில் விழுவது அங்கே தயாராகிற ஒன்று.

இன்று தமிழ்ச் சபைகளும் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டுவிட்டன: இருண்ட அரங்கு, கிதார், கீபோர்டு, ஆர்ப்பரிக்கும் கூட்டம். ‘மேற்கத்திய இறக்குமதி’ என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். அதைவிட, ‘எல்லாரும் சேர்ந்து பாடுகிறோம்’ என்ற சொல்லாடலுக்கு இந்த மண்ணில் என்ன வரலாறு என்று கேட்பதுதான் நமக்கு உதவும்.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) 1820களின் இறுதியில் புதிய மிஷனரிகளோடு மோதினார். ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனையை ஒதுக்கியது அவருடைய புகார்களில் ஒன்று. சாதிகளை ஒன்றாக உட்கார வைத்தது இன்னொன்று. அவரைத் தமிழிசையின் காவலராக மட்டும் கொண்டாடுகிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை. சுதேசி இசையும் தனி இருக்கையும் அங்கே ஒரே மூச்சில் கோரப்பட்டன.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இதற்குக் கட்டடமே எழும்பியது. 1870களில் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு கால்கள். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார், சந்திப்பில் பீடம். ஒரே பூசை இரு பக்கமும் கேட்கும், ஒருத்தரை ஒருத்தர் தொட வேண்டியதில்லை. ‘கால்சட்டைக் கோயில்’ என்ற பெயர் சும்மா வரல. நடுச்சுவர் 1910இல்தான் இடிந்தது. ஒலிப்பதிவுக் கருவி ஒன்று அந்தப் பீடத்தில் இருந்திருந்தால் என்ன பதிவாகியிருக்கும்? ஒரே சபையின் ஒரே குரல்! சுவர் ஒலிநாடாவில் ஏறாது.

இதை அறிந்து செயல்பட்டவர் மதுரை இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு (1940–2005). ‘பரட்டை’ என்ற பெயரில் எழுதினார். கீர்த்தனையின் சமஸ்கிருத வாசனையும் வேண்டாம், ஐரோப்பிய ஞானப்பாட்டும் வேண்டாம் என்று கிராமத்துப் பேச்சுமொழியையும் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். பாட்டை மக்கள் மாற்றிப் பாடலாம், பாடணும் என்பது அவர் நிலைப்பாடு. நேரடி ஆல்பம் ஒரு இரவின் பாட்டை உறைய வைக்கிறது. நாட்டுப்புறப் பாட்டோ ஒவ்வொரு வாயிலும் உருமாறுகிறது.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வருகிற கூட்டத்தை எந்த மேசையும் மிக்ஸ் செய்வதில்லை. காவி கட்டி நடந்து வருகிறவர்கள், பக்கத்துக் குப்பத்துக்காரர்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்கள், ஒலிபெருக்கி, வியாபாரிகளின் கூவல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. தெருவில் கலந்தவர்கள் கல்யாணப் பந்தியிலும் கல்லறையிலும் கலந்துவிட்டார்களா என்ன?

நேரடி ஆல்பங்களைக் கேட்போம், தாராளமாக ரசிப்போம். கூட்டம் பல்லவியை எடுக்கும் இடத்தில் மட்டும் ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்வோம்: விளக்குப் போட்டால் யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள்?