யாருடைய வரலாறு? சென்னைக் கார் காப்பீட்டில் ஓட்டுநரும் உரிமையாளரும் தொழிலும்

முன்னுரை

கார் காப்பீட்டை எடுக்கும்போது முன்மொழிவுப் படிவத்தில் உரிமையாளரின் தொழிலைக் கேட்கிறார்கள். புதுப்பிக்கும்போது போன வருடம் கிளெய்ம் எடுத்தீர்களா என்றும் கேட்கிறார்கள். இவ்விரு கேள்விகளையும் பார்ப்பவருக்கு, ஒழுங்காக ஓட்டுபவர் குறைவாகக் கட்டுகிறார், செய்யும் வேலைக்கேற்ப விலை ஏறி இறங்குகிறது என்ற எண்ணம் வருவது இயல்பு. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பகுதிகளின் அன்றாட நடைமுறையை விதிகளோடு வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. இந்தியக் கார் காப்பீட்டில் ‘வரலாறு’ எனப்படுவது உரிமையாளர் பணம் கேட்ட வரலாறு. வண்டி ஓட்டிய வரலாறு அதில் பெரும்பாலும் பதிவாவதில்லை. தொழிலோ முக்கியமாக வண்டியின் பயன்பாட்டு வகையிலும், விபத்தில் அடிபட்டவரின் இழப்பீட்டிலும் கணக்குக்கு வருகிறது. ஓட்டுநரின் நடத்தையை விலையோடு இணைக்க முயலும் எந்தச் சீர்திருத்தமும் பணம் கேட்ட வரலாற்றையும் வண்டி ஓட்டிய வரலாற்றையும் முதலில் பிரித்தறிய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

விலை அமையும் விதம்

‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்று மக்கள் சொல்லும் பாலிசியில் இரண்டு பெரிய பகுதிகள் உண்டு. ஒன்று சொந்த சேதத்துக்கானது. மற்றது பிறருக்கு நேரும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் பொருள் சேதத்துக்குமான ‘தேர்டு பார்ட்டி’. இரண்டாவது சட்டப்படி கட்டாயம். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இப்பகுதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதைத் தொடர்கிறது.

சொந்த சேதத்துக்கான பிரீமியத்தை நீண்ட காலம் கட்டண ஆலோசனைக் குழுவே நிர்ணயித்தது. 2002 ஜூலை 1 முதல் அமலான இந்திய மோட்டார் கட்டண விதிகள் தனியார் காருக்கு மூன்றே அளவுகோல்களை வைத்தன: எஞ்சினின் சி.சி., வண்டியின் வயது, பதிவான மண்டலம். சென்னை உள்ளிட்ட பெருநகரங்கள் ‘ஏ’ மண்டலம். மற்ற ஊர்கள் ‘பி’ மண்டலம். 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான ஐந்து வயதுக்குட்பட்ட காருக்கு ‘ஏ’ மண்டலத்தில் காப்பீட்டு மதிப்பில் 3.283 சதவீதம், ‘பி’ மண்டலத்தில் 3.191 சதவீதம். மந்தைவெளி ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டி சிற்றூரில் பதிவானதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கட்டியது. அதை யார் ஓட்டுகிறார், எப்படி ஓட்டுகிறார் என்பதற்கு அந்த அட்டவணையில் இடமில்லை.

2007 ஜனவரி 1 முதல் சொந்த சேதத்துக்கான விலையை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்றானது. தேர்டு பார்ட்டி விலை மட்டும் அரசின் கையிலேயே இருக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான அறிவிக்கையின்படி தனியார் காருக்கு ஆண்டுக்கு 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய்.

என்.சி.பி.யும் அதன் கணக்கும்

ஓட்டுநர் வரலாற்றுக்கு நெருங்கியதாகத் தோன்றுவது கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி, வழக்கில் என்.சி.பி. கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பின் 20 சதவீதம், தொடர்ந்து 25, 35, 45, ஐந்தாம் ஆண்டுக்குப் பின் 50 சதவீதம். நடுவில் ஒரு கிளெய்ம் வந்தால் அடுத்த புதுப்பித்தலில் சுழியம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போய்விடும்.

50 சதவீதத்தை எட்டிய ஒருவரின் சொந்த சேதப் பிரீமியம், தள்ளுபடிக்கு முன் 10,000 ரூபாய் என்று கொள்வோம். ஒரு கிளெய்ம் எடுத்தால் அவர் இழப்பது முதல் ஆண்டில் 5,000, பிறகு 3,000, 2,500, 1,500, 500 ரூபாய். மொத்தம் 12,500. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 14,750. வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்வதால் உண்மையான தொகை சற்றுக் குறையும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. தெற்கு மாட வீதியில் ஆட்டோ உரசி பம்பர் கீறினாலும், பாண்டி பஜாரில் பைக் இடித்துக் கதவு நெளிந்தாலும், பதினான்காயிரத்துக்குள் முடியும் வேலைக்குக் கிளெய்ம் எடுப்பது நஷ்டம். விவரம் தெரிந்தவர்கள் சர்வேயரைக் கூப்பிடுவதில்லை. டிங்கரிங், பெயின்டிங் கடைக்கு விட்டுக் கைக்காசைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதைக் காப்பீட்டுக் கணிதவியலர் ‘போனஸ் பசி’ என்பார்கள். 1995இல் வெளியான ஜான் லெமேரின் நூல் இதை விரிவாக ஆராய்கிறது. விளைவு தெளிவானது. 50 சதவீதத் தள்ளுபடி இடிபடாத வண்டிக்கும் கிடைக்கிறது. இடிபட்டும் சொந்தக் காசில் சரிசெய்துகொள்ள முடிந்தவரின் வண்டிக்கும் கிடைக்கிறது. ‘என்.சி.பி. பாதுகாப்பு’ என்ற கூடுதல் கவரைத் தனியே வாங்கினால் கிளெய்முக்குப் பிறகும் தள்ளுபடி தொடரும். சுத்தமான வரலாறு அங்கே விலைக்கே கிடைக்கிறது.

மழைக்காலம் இதன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்தில் நிறுத்திவைத்திருந்த கார்கள் மூழ்கின. ஓட்டுநர் இருக்கையில் யாருமே இல்லாத அந்தச் சேதத்துக்குக் கிளெய்ம் எடுத்தவரும் என்.சி.பி.யை இழந்தார். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தியவர்கள் எஞ்சினோடு தங்கள் தள்ளுபடியையும் காப்பாற்றிக்கொண்டார்கள்.

அந்த வரலாறு யாருக்குச் சொந்தம் என்பதும் கவனிக்கத்தக்கது. வண்டியை விற்றால் என்.சி.பி. பழைய உரிமையாளரிடமே தங்கும். மூன்று ஆண்டுக்குள் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அவர் இறந்து வண்டி குடும்பத்தாரின் பொறுப்புக்கு வந்தால் துணைவருக்கோ பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அது செல்லலாம் என்கிறது 2002 கட்டண விதி. அப்பாவின் இருபதாண்டு நிதானம் நேற்று லைசென்ஸ் வாங்கிய மகனுக்கு வந்துசேர்கிறது. மறுபுறம், மயிலாப்பூர் வீடுகளில் காரை எடுப்பவர் பல நேரம் உரிமையாளர் அல்ல. கல்யாணத்துக்கும் மருத்துவமனைக்கும் ஆக்டிங் டிரைவரை அழைப்பது இங்கே சாதாரணம். நாளெல்லாம் பத்து வீட்டு வண்டிகளை ஓட்டும் அந்த மனிதரின் திறமையோ தவறோ எந்தப் பாலிசியிலும் பதியப்படுவதில்லை.

தேர்டு பார்ட்டியின் மறதி

என்.சி.பி. சொந்த சேதப் பகுதிக்கு மட்டுமே உரியது. பிறருக்குக் காயம் விளைவித்து தேர்டு பார்ட்டி கிளெய்ம் வந்தால் அது குறைவதில்லை. தேர்டு பார்ட்டி விலையும் கூடுவதில்லை, ஏனெனில் தனியார் காருக்கு அது சி.சி.யை மட்டும் பார்க்கிறது. அடையாறு சிக்னலில் நடந்து சென்றவரை இடித்து, தன் வண்டிக்குச் சேதம் கோராத உரிமையாளர் அடுத்த ஆண்டும் 50 சதவீதத் தள்ளுபடியோடு புதுப்பிக்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்காரர் சுழியத்திலிருந்து தொடங்குவார். சாலைப் பாதுகாப்பு நோக்கில் எதை நினைவில் வைக்க வேண்டுமோ அதை மறந்து, எதை மறக்கலாமோ அதை நினைவில் வைக்கும் ஏற்பாடு இது.

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் பிறப்பித்த உத்தரவால், அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்றாண்டுத் தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயமானது. காப்பீடு இல்லாமல் ஓடும் வண்டிகளால் அடிபட்டவர் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பது அதன் நோக்கம், அது நியாயமானது. ஆனால் மூன்றாண்டு விலையை வாங்கும் நாளிலேயே கட்டிவிடுவதால், இடையில் நடப்பது எதுவும் விலையில் பிரதிபலிக்கும் வழி இன்னும் குறுகியது.

தொழில் நுழையும் இரண்டு வாசல்கள்

தனியார் கார் என்பதற்குக் கட்டண விதி தரும் வரையறை உரிமையாளரின் தொழில் சார்ந்த பயணத்தையும் உள்ளடக்குகிறது. மாதிரிப் பொருள்களை எடுத்துச் செல்வதைக்கூட அனுமதிக்கிறது. மருந்து மாதிரிகளோடு கிளினிக் கிளினிக்காக நாள் முழுதும் அலையும் மெடிக்கல் ரெப்பும், வாரம் ஒருமுறை கபாலீசுவரர் கோயிலுக்கு மட்டும் வண்டியை எடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே வகையில் அடங்குகிறார்கள்.

வாடகைக்கு ஆள் ஏற்றினால் கதை மாறுகிறது. அதே 2022 அறிவிக்கையின்படி, 1,200 சி.சி. கார் வெள்ளை போர்டில் இருந்தால் தேர்டு பார்ட்டிக்கு 3,416 ரூபாய். அதே கார் மஞ்சள் போர்டு மாட்டி நான்கு பயணிகளுக்கு உரிமம் பெற்றால் 7,940 ரூபாய், அத்துடன் பயணி ஒருவருக்கு 978 வீதம் 3,912. ஆக 11,852 ரூபாய், ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அதிக தூரம் ஓடுவதாலும் உள்ளே பயணிகள் இருப்பதாலும் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. ஆனால் இருபதாண்டு விபத்தே செய்யாத தி. நகர் கால் டாக்ஸிக்காரருக்கும் நேற்று தொழிலுக்கு வந்தவருக்கும் இந்தத் தொகை ஒன்றே. பயன்பாட்டு வகை தனி மனிதரின் வரலாற்றை முழுவதுமாக மறைத்துவிடுகிறது.

இரண்டாவது வாசல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இருக்கிறது. சரளா வர்மா வழக்கு (2009), பிரணய் சேத்தி வழக்கு (2017) ஆகியவற்றில் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கின்படி, இறந்தவர் 30 வயதுக்காரர், மாத வருமானம் 20,000 ரூபாய், சார்ந்திருப்போர் மூவர் என்றால், எதிர்கால வருமான உயர்வுக்காகச் சுயதொழில் செய்தவருக்கு 40 சதவீதமும் நிரந்தர வேலையில் இருந்தவருக்கு 50 சதவீதமும் சேர்க்க வேண்டும். இப்படி உயர்த்திய ஆண்டு வருமானத்தில் இறந்தவரின் சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, அந்த வயதுக்குரிய பெருக்கெண்ணான 17ஆல் பெருக்கினால் முதலாமவர் குடும்பத்துக்கு 38,08,000 ரூபாய். இரண்டாமவர் குடும்பத்துக்கு 40,80,000. சம்பாத்தியம் ஒன்றாக இருந்தும் வேலையின் தன்மை 2,72,000 ரூபாய் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் தொகையைத் தொழில் நேரடியாகத் தீர்மானிக்கும் இடம் இதுதான். அந்தத் தொழிலோ வண்டி ஓட்டியவருடையது அல்ல.

உரிமையாளரின் தொழிலை விலைக்கு அடிப்படையாக்கலாம் என்போர் அது ஆபத்தோடு தொடர்புடையது என்று வாதிடலாம். அலுவலக வேலையில் இருப்பவரின் கிளெய்ம் குறைவாகவே இருக்கக்கூடும். ஆனால் மேலே கண்டபடி, கிளெய்ம் குறைவது கைக்காசு உள்ளதாலும் இருக்கலாம்; அடுக்ககத்தில் மூடிய பார்க்கிங் இருப்பதாலும் இருக்கலாம். நம் சமூகத்தில் தொழில், படிப்போடும் சாதியோடும் குடியிருக்கும் தெருவோடும் பின்னிக் கிடப்பது. அதை விலைப்படுத்துவது நடத்தைக்குப் பதில் பிறப்பை விலைப்படுத்துவதில் போய் முடியும். கலிபோர்னியாவில் 1988இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம் ஓட்டும் ஒழுங்கு, ஆண்டில் ஓடிய தூரம், ஓட்டிய அனுபவம் என்ற மூன்றையும் இந்த வரிசையிலேயே முதன்மைப்படுத்தியது. மிச்சிகன் 2019இல் தொழிலையும் கல்வித் தகுதியையும் விலை நிர்ணயக் காரணிகளிலிருந்து விலக்கியது. இந்தியாவில் 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஓடிய தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்ப விலையிடும் கூடுதல் கவர்களை அனுமதித்தது. மெடிக்கல் ரெப்புக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் உள்ள வேறுபாட்டைக் கிலோமீட்டரே சொல்லிவிடும்போது தொழிலைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

விதிமீறல் புள்ளிகள்

ஓட்டுநர் நடத்தையை நேரடியாக விலைக்குள் கொண்டுவரும் திட்டம் ஒன்று 2021 ஜனவரியில் வரைவாக வந்தது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த பணிக்குழு, ‘போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்’ என்ற தனிப் பகுதியைச் சேர்த்து டெல்லியில் சோதித்துப் பார்க்கப் பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி. எடைகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் புள்ளிகள் சேர்வது வண்டியின் பதிவு எண்ணில். கூடுதல் பிரீமியத்தைக் கட்ட வேண்டியவர் பதிவான உரிமையாளர். ஆக்டிங் டிரைவர் சிக்னலைத் தாண்டினால் தண்டம் வீட்டுக்காரருக்கு. டிரைவர் அடுத்த வீட்டு வண்டிக்குக் கறைபடாமல் போவார். கேமராவும் இ-சலானும் நம்பர் பிளேட்டைப் பார்ப்பதால் இந்தக் குறை கூடுமே ஒழியக் குறையாது. நிறுத்த இடமில்லாத பழைய மயிலாப்பூர்த் தெருவில் குடியிருப்பவரும், தி. நகரில் தினமும் கடைக்கு வந்து போகிறவரும் பார்க்கிங் புள்ளிகளை அதிகம் சேர்ப்பார்கள். அது அவர்கள் ஓட்டும் விதத்தைவிட, அவர்கள் இருக்கும் இடத்தையே அளக்கும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று பரிந்துரைகள் பிறக்கின்றன. முதலாவது, வரலாறு ஓட்டுநர் உரிம எண்ணோடு இணைய வேண்டும். உரிமங்களுக்கான ‘சாரதி’ தரவுத்தளம் நாடு முழுவதும் ஏற்கெனவே உள்ளது. பாலிசியில் வழக்கமாக ஓட்டுபவரைக் குறிப்பிடச் செய்வது அடுத்த படி. இரண்டாவது, தள்ளுபடிக் கணக்கில் தவறையும் இயற்கைப் பேரிடரையும் பிரிக்க வேண்டும். தேர்டு பார்ட்டி விபத்தில் ஓட்டியவர் மீது தவறு என்று தீர்ப்பாயம் கண்டால் அது கணக்கில் வர வேண்டும். மூன்றாவது, தொழிலை விட்டுவிட்டுத் தூரத்தை அளக்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தேர்டு பார்ட்டி விலை ஏறினால் கட்ட முடியாதவர் காப்பீடே இல்லாமல் ஓட்டுவார், நஷ்டம் அடிபட்டவருக்கு. எனவே அடிப்படை விலை இப்போதுபோலவே அரசு நிர்ணயத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். வரலாற்றுக்கான கூடுதலும் கழிவும் சொந்த சேதப் பகுதியில் இருக்கட்டும். அடிபட்டவரின் பாதுகாப்பு குறையாமல் ஓட்டுபவரின் பொறுப்பைக் கூட்ட இதுவே வழி. சுமை சம்பள டிரைவர் மேல் விழுமே என்ற அச்சமும் நியாயமானதுதான். ஆயினும் இன்று அவருடைய இருபதாண்டு நிதானத்துக்குச் சந்தையில் எந்த மதிப்பும் இல்லை. உரிமத்தில் பதிந்த நல்ல வரலாறு, உரிமையாளரின் பிரீமியத்தைக் குறைக்குமானால், கூலி பேசும்போது அவர் எடுத்துக்காட்டக்கூடிய முதல் சான்றாக அது அமையும்.