வாளி வரிசையில் நின்றவர்கள்



செங்காங்கில் நான் வசிக்கும் அடுக்குமாடிக்கு அருகிலுள்ள காப்பிக்கடையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மூன்று முதியவர்கள் ஒரே மேசையில் அமர்ந்திருப்பதைக் காணலாம். ஒருவர் தமிழர், ஒருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர். மூவரும் 1980களில் ஒன்றாகக் குடிமைத் தற்காப்புத் தொண்டூழியர்களாகப் பயிற்சி பெற்றவர்கள்.

ஒருநாள் தமிழ்ப் பெரியவரிடம், "ஐயா, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வாரந்தவறாமல் சந்திக்கிறீர்களே, அப்படி என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டேன்.

"பேசுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை டீச்சர். புகைக்குள் போய் வெளியே வந்தால் முதலில் தலையை எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதைத்தான் இன்னும் செய்கிறோம். நான்கு பேர் இருந்தோம். இப்போது மூன்று" என்றார்.

அந்த விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தீயணைப்புத் தொண்டூழியத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், தோழமை என்பது தீ அணைந்த பிறகு தோன்றுவதன்று, தீ பற்றுவதற்கு முன்பே வளர்க்கப்படுவது என்பது புலனாகும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1736ஆம் ஆண்டு பெஞ்சமின் பிராங்கிளின் ஒரு தொண்டர் தீயணைப்புக் குழுவை அமைத்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை எடுத்துச் செல்லப் பைகளையும் கூடைகளையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை மாலையில் கூடி உரையாட வேண்டும் என்பதும் விதி. வராதவர் சிறு தண்டம் கட்டினார். அப்பணத்தில் ஏணிகளும் தீயணைப்புக் கருவிகளும் வாங்கப்பட்டன. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர்த் தம் வரலாற்றை எழுதிய பிராங்கிளின், தொடக்கக்கால உறுப்பினர்களுள் தாமும் தம்மைவிட ஓராண்டு மூத்த ஒருவருமே எஞ்சியிருப்பதாகக் குறிப்பிடுகிறார். அவரும் தலையை எண்ணித்தான் பார்த்திருக்கிறார்!

இனி நம் சிங்கப்பூருக்கு வருவோம். 1950களில் நம் மக்களுள் பலர் கம்பங்களில் வாழ்ந்தனர். அத்தாப்புக் கூரைகள், மரச்சுவர்கள், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள், தொலைவில் ஒரு பொதுக் குழாய். இந்நிலையில் கம்பத்து மக்கள் தங்களுக்குள் தீயணைப்புக் குழுக்களை அமைத்துக்கொண்டனர். வாளியைக் கைமாற்றி அனுப்பும் வரிசையில் நிற்பவருக்கு, அடுத்து நிற்பவர் ஓடிவிடமாட்டார் என்ற உறுதி வேண்டும். நாள்தோறும் பழகிய அண்டைவீட்டாரிடையேதான் அவ்வுறுதி கிடைக்கும்.

ஆயினும், 1961 மே 25 அன்று, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில், புக்கிட் ஹோ சுவீயில் பரவிய பெருந்தீ வாளிகளுக்கு அடங்கவில்லை. நால்வர் உயிரிழந்தனர், ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அவர்களுக்காக விரைந்து அடுக்குமாடிகளைக் கட்டியது. கம்பங்கள் மறைந்தன. அவற்றோடு வாளி வரிசைகளும் மறைந்தன.

1982இல் குடிமைத் தற்காப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது தொண்டூழியம் வேறு வடிவம் பெற்றது. வட்டாரந்தோறும் பொதுமக்கள் முதலுதவியும் தீயணைப்பும் மீட்புப்பணியும் கற்றனர். 1986 மார்ச் 15 அன்று, சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்குமிடத்தில் ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர்; 17 பேர் மீட்கப்பட்டனர். எம்ஆர்டி சுரங்கப்பணியில் இருந்த பொறியாளர்களும் தாமாக முன்வந்து உதவினர். 1989இல் தீயணைப்புச் சேவை குடிமைத் தற்காப்புப் படையுடன் இணைக்கப்பட்டது.

தாமாக முன்வரும் பண்பு இன்றும் அற்றுப்போகவில்லை. 2025 ஏப்ரல் 8 அன்று ரிவர் வேலி ரோட்டில் ஒரு கடைவீட்டில் தீ மூண்டபோது, அருகில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரத்தையும் ஏணியையும் கொண்டு குழந்தைகளைக் கீழே இறக்கினர். அவர்களுள் தமிழகத்துத் தம்பிமாரும் இருந்தனர். நாள்தோறும் ஒன்றாகச் சாரம் கட்டிப் பழகிய கைகள் அல்லவா அவை!

ஜெர்மனியில் தொண்டர் தீயணைப்புப் படைகள் ஓய்வுபெற்ற உறுப்பினர்களுக்கெனத் தனிப் பிரிவையே வைத்திருக்கின்றன. வயது முதிர்ந்தவர் வண்டியில் ஏறுவதில்லை. ஆனால் படையை விட்டு நீங்குவதுமில்லை. எங்கள் காப்பிக்கடை மூவருக்கு அத்தகைய பிரிவு ஏதுமில்லை. அந்த மேசைதான் அவர்களுடைய படைவீடு.

ஹில் ஸ்திரீட்டில் 1909இல் திறக்கப்பட்ட மத்தியத் தீயணைப்பு நிலையம் 1998 முதல் தேசிய நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. மாணவர்களை அங்கு அழைத்துச் செல்கிறோம். பழைய வண்டிகளையும் தலைக்கவசங்களையும் காட்டுகிறோம். நன்று. ஆனால் வாளி வரிசையில் நின்றவர்களின் பெயர்களை எந்தக் கண்ணாடிப் பேழையில் தேடுவது? 1961இல் இருபது வயது இளைஞராக இருந்தவருக்கு இப்போது எண்பதுக்கும் மேல். அவர் சொல்லாமல் போனால், அந்த வரிசையும் அவரோடு போய்விடும்.

ஆசிரியர்களே, வாய்மொழிப் பயிற்சிக்குப் படங்களை மட்டுமே நம்பியிராமல், "தாத்தா, கம்பத்தில் தீப்பிடித்தபோது உங்கள் பக்கத்தில் நின்றவர் யார்?" என்று ஒரு வினாவை மாணவரிடம் கொடுத்தனுப்புங்கள். பெற்றோர்களே, அவ்விடையைத் தமிழில் எழுதிவர உதவுங்கள்.

கடந்த ஞாயிறன்று நான் ஒரு குறிப்பேட்டுடன் அந்த மேசைக்குச் சென்றேன். பெரியவர் முதலில் சொன்னது தம் பெயரையன்று. இல்லாமற்போன அந்த நான்காமவரின் பெயரை.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை