தெரியாததற்கு ஒரு பெயர்

சிந்தாதிரிப்பேட்டையில் என் நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. பழைய காலத்து வீடு. தெருப் பக்கம் இரண்டு பேர் நெருக்கி உட்காரக்கூடிய ஒரு திண்ணை இன்னும் மிச்சமிருக்கிறது. ஒரு நாள் மாலை அவரைப் பார்க்கப் போனபோது, அந்தத் திண்ணையில் அவருடைய மகன் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவன். மறுநாள் பரீட்சை. பல்லுறுப்புக் கோவை, காரணிப்படுத்துதல், சமன்பாடு என்று பக்கம் பக்கமாக எழுதி எழுதி அடித்திருந்தான்.

"சூத்திரம் எல்லாம் ஒப்பிச்சுடுவேன் மாமா. ஆனா இந்த எக்ஸ் யாருன்னுதான் தெரியலை" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்த மறுகணமே வெட்கமாகவும் போயிற்று. அவன் வயதில் நானும் வகுப்பில் எழுந்து நின்று இதையேதான் கேட்டேன். "எக்ஸ் என்றால் எக்ஸ்தான், உட்கார்" என்று பதில் வந்தது. உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறும் வரையில் அல்ஜீப்ராவை மனப்பாடம் செய்தேனே தவிர, ஒரு நாளும் புரிந்துகொண்டதில்லை. இப்போது அதே கேள்வி திண்ணையில் வந்து என் சட்டையைப் பிடிக்கிறது. பையனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "நன்றாகத் தூங்கி எழுந்து போ" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

அந்த வெட்கம் என்னைச் சில வாரங்கள் புத்தகங்களைப் புரட்ட வைத்தது. புரட்டியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கணிதம் என்றதும் ராமானுஜன் கதைதான் வரப்போகிறது என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். மேதைகளுக்கு எக்ஸ் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது என்னையும் அந்தப் பையனையும் போன்ற சாதாரணர்களின் கதை.

முதல் விஷயம், எக்ஸ் என்ற எழுத்து மிகவும் பிந்தி வந்த விருந்தாளி. பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த் 1637-ல் வெளியிட்ட நூலில்தான், தெரிந்த அளவுகளுக்கு அகரவரிசையின் முதல் எழுத்துக்களும், தெரியாதவற்றுக்குக் கடைசி எழுத்துக்களும் என்று வழக்கம் ஏற்பட்டது. அதற்கு முன்பு, 1591-ல், வியேத் என்பவர் தெரியாதவற்றுக்கு உயிரெழுத்தும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்தும் போட்டுப் பார்த்தார். ஆனால் சமன்பாடுகள் அவர்களுக்கு முன்பே பல நூறு ஆண்டுகளாக உலகத்தில் இருந்தன. எழுத்து இல்லாமல் எப்படிக் கணக்குப் போட்டார்கள்? வார்த்தைகளால்தான்.

நம் நாட்டில் பிரம்மகுப்தர் 628-ல் எழுதிய நூலில் பூஜ்யத்தோடு கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் சொல்லியிருக்கிறார். கடனையும் சொத்தையும் போல, குறை எண்ணையும் நிறை எண்ணையும் வைத்துப் பேசினார். 1150-ல் சித்தாந்த சிரோமணியை எழுதிய பாஸ்கராசாரியார், தெரியாத அளவுக்கு 'யாவத்தாவத்' என்று பெயர் வைத்தார். 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள். ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாதவை வந்தால் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பெயரால் அழைத்தார். நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் சிட்டங்களைப் பிரித்து வைக்கிற மாதிரி, தெரியாதவற்றை நிறம் நிறமாகப் பிரித்து வைத்தார்கள் நம்மவர்கள்.

அல்ஜீப்ரா என்ற பெயர் பாக்தாத்திலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே வாழ்ந்த அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் 'அல் ஜப்ர்' என்ற சொல் இருக்கிறது. உடைந்ததை ஒட்டவைத்தல் என்று அதற்குப் பொருள். சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் ஏதோ ஒன்று கழிக்கப்பட்டுக் குறைபட்டு நின்றால், இரு பக்கமும் அதையே கூட்டி முழுமையாக்கிவிடுவது அந்த வேலை. இதே சொல் ஸ்பெயின் தேசத்துக்குப் போய், அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவருக்கு 'அல்ஜெப்ரிஸ்தா' என்று பெயராயிற்று. சென்னைவாசிகளுக்குச் சுருக்கமாகச் சொன்னால், அல்ஜீப்ரா என்பது ஒரு புத்தூர் கட்டு!

இனி காரணிப்படுத்துதலுக்கு வருவோம். இதற்குச் சிந்தாதிரிப்பேட்டையின் சரித்திரமே உதவிக்கு வருகிறது. 1734-ல், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் நதி வளைந்து செல்லும் இடத்தில் சுங்குராமா என்ற வணிகரிடம் இருந்த தோட்டத்தில் கம்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று சொல்வார்கள். அந்த நெசவாளர் ஒருவர் ஒரு துணி நெய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் முழத்தைவிட நீளம் 3 முழம் கூடுதல், அகலம் 2 முழம் கூடுதல். துணியை விரித்தால் நடுவில் எக்ஸுக்கு எக்ஸ் ஒரு சதுரம், பக்கத்தில் ஒரு பட்டை 3 எக்ஸ், கீழே ஒரு பட்டை 2 எக்ஸ், மூலையில் 6 சதுர முழத்தில் ஒரு சிறு துண்டு. எல்லாம் சேர்ந்து, எக்ஸ் வர்க்கம் கூட்டல் 5 எக்ஸ் கூட்டல் 6. நீள அகலத்தைச் சொல்லிப் பரப்பைக் கேட்டால் அது பெருக்கல். பரப்பைச் சொல்லி, "நீளம் என்ன, அகலம் என்ன?" என்று திருப்பிக் கேட்டால் அது காரணிப்படுத்துதல். பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்களை ஏன் தேடச் சொன்னார்கள் என்பது, இத்தனை வயதுக்குப் பிறகு, இந்தத் துணியை மனத்தில் விரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் பூஜ்யம் போடுவதும் வெறும் சடங்கு அல்ல. இரண்டு எண்களைப் பெருக்கினால் 10 என்று சொன்னால், அவை எவை என்று சொல்ல முடியாது. 2, 5 ஆக இருக்கலாம், 1, 10 ஆகவும் இருக்கலாம். ஆனால் பெருக்கினால் 0 என்று சொல்லிவிட்டால், இருவரில் ஒருவர் பூஜ்யமாகத்தான் இருந்தாக வேண்டும். ஆசாமி அங்கேயே அகப்பட்டுக்கொள்கிறார்! ஆங்கிலேயரான தாமஸ் ஹாரியட் இந்த வழியைக் கையாண்டார். அவர் 1621-ல் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1631-ல், அவருடைய நூல் வெளிவந்தது.

இவ்வளவும் தமிழ்ப் பிள்ளைகளிடம் எப்போது வந்து சேர்ந்தது? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி இருந்தது. காரி நாயனார் செய்த கணக்கதிகாரம் இருந்தது. பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணுகிற கணக்கெல்லாம் அதில் உண்டு. ஆனால் எழுத்தை வைத்துச் செய்கிற கணக்கு, மேல்நாட்டாரோடு வந்தது. இங்கேதான் மறுபடியும் சிந்தாதிரிப்பேட்டை குறுக்கிடுகிறது.

1836-ல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு அமெரிக்க மிஷன் பாதிரிமார் சிலர் வந்தார்கள். 1862-ல் பெரிய தமிழ் அகராதியை வெளியிட்ட வின்ஸ்லோ அவர்களில் ஒருவர். அவர்கள் சிந்தாதிரிப்பேட்டையிலும் ஒரு நிலையம் வைத்தார்கள். இன்றும் நிற்கும் சீயோன் கோயில் அவர்கள் எழுப்பியது. இதே மிஷன் 1823-ல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கியிருந்தது. அங்கே படித்து, அங்கேயே கணிதம் போதித்தவர் விசுவநாத பிள்ளை. படிப்புக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கப்படி அவருக்குக் கரோல் என்றும் பெயர். அவர் தமிழிலேயே ஓர் அல்ஜீப்ரா புத்தகம் எழுதினார். 'வீசகணிதம்' என்று பெயர். 1855-ல் மானிப்பாயில் அச்சாயிற்று.

அந்த ஆண்டை நினைத்தால் மனம் கனக்கிறது. அதே 1855-ல்தான் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. ஆங்கில உயர்கல்வி தங்கள் மதப் பணிக்கு உதவவில்லை என்று மிஷன் தலைவர்கள் கருதினார்கள். புத்தகம் பிறந்தபோது பள்ளிக்கூடம் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1857-ல், சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். ஒருவர் பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து மீட்டு அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை. மற்றவர் நம் வீசகணித ஆசிரியர் விசுவநாத பிள்ளை. தமிழில் அல்ஜீப்ரா எழுதியவருக்கே முதல் பட்டம்! ஆனால் அந்தப் பட்டத்துக்கு உரிய பாஷை ஆங்கிலம். அதற்குப் பிறகு பல தலைமுறைகள் எக்ஸை ஆங்கிலத்தில்தான் சந்தித்தன. 1930-களின் பிற்பகுதியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் மெல்ல மெல்லப் பாடமொழி ஆயிற்று. அட்சர கணிதம் என்றார்கள், பீஜ கணிதம் என்றார்கள், இப்போது இயற்கணிதம் என்கிறோம். பெயர்கள் மாறினவே தவிர, "எக்ஸ் என்றால் எக்ஸ்தான், உட்கார்" என்பது மாறவில்லை. தாய்மொழியில் சொன்னாலும், பொருள் சொல்லாமல் சொன்னால் அதுவும் அந்நிய பாஷைதான்.

சில வாரம் கழித்து மறுபடியும் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். பரீட்சை முடிந்திருந்தது. மார்க்கை நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்கராசாரியாரின் குரங்குக் கணக்கைச் சொன்னேன். ஒரு குரங்குக் கூட்டம். அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, 3 கழித்து, வர்க்கம் செய்தால் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் மரத்தில் ஏறி நிற்கிறது. மொத்தம் எத்தனை?

"எத்தனைன்னு தெரியாதே!" என்றான்.

"தெரியாததற்கு நீயே ஒரு பெயர் வை. அதுதான் எக்ஸ்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்து, ஐந்தில் ஒரு பங்குக்கு 'கு' என்று பெயர் வைத்தான். மொத்தம் 5 கு. இரண்டு பேருமாக எழுதிக்கொண்டே போனோம். கு வர்க்கம் − 11 கு + 10 = 0 என்று வந்து நின்றது. பெருக்கினால் 10, கூட்டினால் 11, அவனே கண்டுபிடித்தான். (கு − 1) × (கு − 10) = 0. ஆகவே கு என்பது 1 அல்லது 10. கூட்டம் 5 அல்லது 50.

"ரெண்டு விடையா?" என்று சந்தேகப்பட்டான். 50 சரியாக வந்தது. பத்தில் 3 போக 7, அதன் வர்க்கம் 49, மரத்தில் ஒன்று. 5-ஐப் போட்டுப் பார்த்தான். ஒன்றில் 3 போகக் குறை 2, அதன் வர்க்கம் 4, மரத்தில் ஒன்று. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குறை இரண்டு குரங்கை யார் பார்த்திருக்கிறார்கள்? பாஸ்கராசாரியாரும் இந்த 5-ஐத் தள்ளிவிட்டார். குறை எண்ணை ஜனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று காரணமும் சொன்னார் என்றேன்.

பையன் வெகுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"மாமா, பரீட்சையில எக்ஸுக்குப் பதிலா கு போட்டா மார்க் குடுப்பாங்களா?"

"பேப்பரில் எக்ஸே போடு" என்றேன். "மனசுக்குள் கு என்று வைத்துக்கொள்."