வீசுகோலும் அளவுமுள்ளும்

ஒலிநூல் பதிவு செய்பவர்களுக்கு இன்று மூன்று எண்கள் மனப்பாடம். ஆடிபிள் நிறுவனத்தின் ஏசிஎக்ஸ் தளம் கேட்பது இது: ஒவ்வொரு கோப்பிலும் சராசரி ஒலியளவு மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடைப்பட்ட டெசிபலில் நிற்கவேண்டும், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது, பேச்சில்லாத இடத்து அடியிரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே அடங்கவேண்டும். இது கணினி யுகத்தின் கெடுபிடி, கதை சொல்லும் கலைக்கு அந்நியமானது என்று கருதுவோர் உண்டு. தாமிரபரணிக் கரையின் வில்லுப்பாட்டு வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. சொல் காதில் தெளிவாக விழவேண்டும் என்பது அந்தக் கலையின் பழைய கவலை. இடையில் கருவிகள் மாறியபோது அது கைநழுவியது. அதை மீட்கவே எண் வந்தது.

கோயில் கொடை விழாவில் வில்லடிக்கும் குழுவைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். மண்குடத்தின் கழுத்தோடு நீண்ட வில் பிணைக்கப்பட்டிருக்கும். வில்லில் வரிசையாக மணிகள் தொங்கும். நடுவில் அமரும் புலவர் இரண்டு வீசுகோல்களால் நாணை அடிப்பார். குடக்காரர் குடத்தின் வாயை மட்டையால் தட்டுவார். உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் சேர்ந்துகொள்ளும். பாட்டில் இவை அனைத்தும் பொங்கும். புலவர் வசனத்துக்கு வந்ததும் அடங்கும். ‘ஆமா’ போடும் பின்பாட்டுக்காரரின் குரல்கூட அவர் மூச்சுவிடும் இடைவெளியில்தான் விழும். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் தெய்வமாக நிற்கும் முத்துப்பட்டனின் கதையை இரவு முழுக்கச் சொல்லவேண்டுமானால் இந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் முடியாது. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் முகமே அங்கே அளவுகோல்.

மைக் செட் வந்ததும் அந்த அளவுகோல் பயனற்றுப் போனது. குழாய் ஒலிபெருக்கி நடுத்தர ஒலிகளைத் தூக்கிக்கொடுக்கும். குடத்தின் ஆழ்ந்த அதிர்வை விழுங்கிவிடும். புலவர் தணித்துச் சொன்னதும் ஓங்கிப் பாடியதும் ஒரே இரைச்சலாக அடுத்த ஊர்வரை போயின. ஊர் முழுவதும் சாமி கதையைக் கேட்டது இதனால்தானே என்று கேட்கலாம். சத்தம் எட்டியது உண்மை. ஆனால் கதை எட்டியதா என்பதே கேள்வி. பிறகு சட்டம் குறுக்கிட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்தன. இரவு 10 மணிக்கு மேல் வெளியிடங்களில் ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. கொடை விழாவின் சாமக்கொடை நடப்பதோ நள்ளிரவில். கலைஞர்கள் தாமே காத்துவந்த அளவை வெளியிலிருந்து ஒருவர் வந்து விதிக்கும் நிலை இப்படித்தான் ஏற்பட்டது.

இன்னொரு பாதை வானொலி வழியாகப் போனது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியது. மத்திய அலை ஒலிபரப்பில் ஒலி வரம்பு மீறினால் அலை சிதையும், பக்கத்து அலைவரிசையிலும் கசியும். ஆகவே அளவுமுள்ளைப் பார்த்தபடி பதிவு செய்வது வானொலிக்காரரின் அன்றாட வேலை. அமெரிக்க வானொலி நிறுவனங்கள் 1939-இல் ஏற்றுக்கொண்ட ‘வியூ’ மீட்டரின் முள் முழு அளவுக்கு ஏற ஏறத்தாழ 300 மில்லிசெகண்ட் ஆகும். பேச்சின் சராசரியை அது நன்றாகக் காட்டும். வீசுகோல் நாணில் படும் அடியோ சில மில்லிசெகண்டில் எழுந்து தணிந்துவிடும். முள் அசைவதற்குள் உச்சம் கடந்துபோகும். பிபிசி 1930-களிலேயே உச்சத்தை விரைந்து பிடிக்கத் தனி மீட்டர் வைத்துக்கொண்டது இதனால்தான். சராசரிக்கு ஓர் எண், உச்சத்துக்கு ஓர் எண் என்று இன்றைய ஒலிநூல் விதி பிரித்துக் கேட்பதன் வேர் இங்கே இருக்கிறது. இந்த இரண்டும் வேறுவேறு என்பதை வில்லுப்பாட்டைப் போலப் பளிச்சென்று காட்டும் கலை அரிது.

அளவு வைத்தால் உணர்ச்சி செத்துவிடும் என்பது வலுவான மறுப்பு. சாமியாடிக்கு அருள் வரும் நேரத்தில் வில்லும் உடுக்கும் உச்சத்துக்குப் போகத்தான் வேண்டும். அது சடங்கின் தேவை, யாரும் அதில் கைவைக்கக் கூடாது. ஆனால் ஒலிநூலைக் கேட்பவர் கோயில் வாசலில் இல்லை. அம்பாசமுத்திரம் பேருந்தில் காதுக்குள் இயர்போனைச் செருகியபடி தனியாக இருக்கிறார். தணிந்த வசனத்துக்காக அவர் ஒலியைக் கூட்டிவைத்தால், அடுத்த அடி செவியில் அறையும். விதி அந்த அடியைத் தடுக்கவில்லை. சராசரி மைனஸ் 20, உச்சம் மைனஸ் 3 என்றால் நடுவில் 17 டெசிபல் இருக்கிறது. சராசரியைப் போல ஏழு மடங்கு உயரத்துக்கு அலை எழலாம். ஒரு கதையின் ஏற்ற இறக்கத்துக்கு அது போதுமான இடம்.

தனியொருவர் நூலை வாசிப்பதற்காக எழுதிய விதி வில்லிசைக்குப் பொருந்துமா என்ற கேள்வியில் பாதி நியாயம் உண்டு. மணியும் ஜால்ராவும் சராசரிக்குள் கணக்காகிவிடுவதால், எண் சரியாக இருந்தும் புலவரின் குரல் அமுங்கியிருக்கலாம். காதின் உணர்திறனைக் கணக்கில் கொண்டு 2006-இல் வந்த பிஎஸ் 1770 என்ற சர்வதேச அளவீட்டு முறைகூடக் குரலையும் கருவியையும் பிரித்தறியாது. ஆகவே எண்ணை எட்டுவதற்காக மென்பொருளால் உச்சங்களைச் சீவித் தள்ளுவது தீர்வல்ல. அடி மழுங்கும், குரலும் மேலே வராது. குரலுக்கு மைக்கை நெருக்கி, வீசுகோலுக்கும் ஜால்ராவுக்கும் விலக்கி, பதிவின்போதே சமன் செய்யவேண்டும். அதற்கு அந்தக் கலையை அறிந்த காது வேண்டும்.

வில்லுப்பாட்டில் கதைக்குள் நுழையுமுன் அவையடக்கம் பாடுவது மரபு. கேட்க வந்தவர்களை மதித்து, பாடுபவர் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் இடம் அது. அவை இன்று கண்ணுக்குத் தெரியாமல் சிதறிக் கிடக்கிறது; முகம் பார்த்துக் குரலைத் தணிக்க வழியில்லை. அங்கே அந்த மரியாதையைச் செலுத்த நமக்குக் கிடைத்திருக்கும் வழி இந்த எண்கள்தான்.