பிண்ணாக்கும் பட்டையும்

ஆனி ஆடியில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலத்து அருவிவரை சாலையெங்கும் மக்கள் வெள்ளந்தான். முன்னாளில் கட்டுச்சோறு வாழையிலையில் வந்தது. எறிந்த இலையை மாடு தின்றது, எஞ்சியதை மண் தின்றது. பிளாஸ்டிக் பை வந்தபின் அதனையும் மாடு தின்றது. மண் மட்டும் தின்ன மறுத்துவிட்டது! ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. தடை சரியே. ஆனால் மக்கும் பையை எதனால் செய்வது?

இக்கேள்வி நாம் எண்ணுவதைவிடப் பழையது. ஜெர்மனியில் ஹானோவர் நகர அச்சகத்தார் ஒருவர், கழுவக்கூடிய வெள்ளை எழுதுபலகை பள்ளிகளுக்குச் செய்ய விரும்பினார். அம்முயற்சியின் விளைவாக, பாலின் புரதத்தைப் பார்மால்டிஹைடு என்னும் இரசாயனத்தால் இறுக்கி ஒரு கெட்டிப்பொருள் செய்யும் முறை 1897-இல் வெளிப்பட்டது. பலகை போய்ப் பொத்தானும் சீப்புமே அதனால் மிகுதியாகச் செய்யப்பட்டன என்பது வேறு கதை.

அடுத்து வந்தது நம் நிலக்கடலை. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கில் புரதம் மிகுதி. இங்கிலாந்தின் அறிஞர் ஆஸ்ட்பரியும் அவருடைய தோழர்களும் 1930-களில் அப்புரதத்தைக் கரைத்து இழையாக்கலாம் எனக் கண்டனர். கரைசலை நுண்துளை வழியே அமிலத்துள் பீய்ச்சி, வரும் இழையைப் பார்மால்டிஹைடால் உறுதிப்படுத்துவது முறை. ‘ஆர்டில்’ என்ற பெயரில், ஸ்காட்லாந்தின் டம்ஃபிரீஸ் ஆலையில் 1951-இல் பெரும் உற்பத்தி தொடங்கியது. ஆஸ்ட்பரி கடலை இழையில் நெய்த மேலங்கியையே அணிந்து திரிந்தாராம்! ஆனால் நனைந்தால் அவ்விழை வலுவிழந்தது. நைலான் முதலிய செயற்கை இழைகளோடு போட்டியிட இயலாமல் 1957-இல் உற்பத்தி நின்றது.

பார்மால்டிஹைடு செய்த வேலை என்ன? புரதம் என்பது நீண்ட சங்கிலி. ஒரு சங்கிலிக்கும் மற்றொன்றுக்கும் இடையே அது பாலம் கட்டுகிறது. சங்கிலிகள் பிணைந்துவிடவே பொருள் நீரில் கரைவதில்லை. ஆனால் அது நஞ்சு. 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என வகைப்படுத்தியது. உணவு பொதியும் தாளுக்கு அது ஆகுமா?

இங்கேதான் குற்றாலம் குறுக்கிடுகிறது. டச்சுக்காரரிடமிருந்து இலங்கைக் கரையை ஆங்கிலேயர் 1796-இல் கைப்பற்றியதை ஒட்டிய ஆண்டுகளில், கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்து மலைச்சரிவில் இலவங்கப்பட்டை, சாதிக்காய், கிராம்புத் தோட்டங்களை வளர்த்தனர். அவர்கள் நாடியது வாணிபம். பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடை 1834-இல் பிரெஞ்சு நாட்டு டூமாவும் பெலிகோவும் பிரித்தெடுத்தனர். பெயரைக் கவனியுங்கள்: அதுவும் ஓர் ஆல்டிஹைடே, பார்மால்டிஹைடின் உறவினம். புரதச் சங்கிலிகளுக்கு இடையே பாலம் கட்ட அதுவும் வல்லது. கிருமிகளை அடக்கும் ஆற்றலும் அதற்குண்டு.

இவ்விரு குணங்களையும் ஒருங்கே பயன்படுத்தியோர் ஸ்பெயினின் வாலென்சியா நகர ஆய்வாளர்கள். கோதுமைப் புரதத்தைச் சாராயக் கரைசலில் கரைத்து, சின்னமால்டிஹைடு சேர்த்து, மெல்லிய படலமாக உலர்த்தி, அதன் பண்புகளை 2011-இல் வெளியிட்டனர். பிணைந்த பகுதி படலத்துக்கு உறுதி தந்தது. பிணையாதது மெல்ல ஆவியாகி உணவைக் காத்தது. 2013-இல் வெளியான ஆய்வில், ரொட்டியிலும் பாலாடைக்கட்டிப் பசையிலும் பூஞ்சை படர்வதை அப்படலம் தடுத்தது.

ஆயினும் ஆர்டிலின் பழைய குறை முற்றும் தீர்ந்துவிடவில்லை. புரதப் படலம் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் தளரும். ஆனி மாதக் குற்றாலத்தில் காற்றே ஈரம்! கோதுமைக்குப் பதிலாகக் கடலைப் பிண்ணாக்கின் புரதம் அங்கே எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே சோதிக்கலாம். பிண்ணாக்கு செக்கடியில் கிடைக்கும். பட்டை மளிகைக் கடையில் கிடைக்கும்.