கெடிலக் கரையில் ஒரு சிறை

நெய்வேலி நகரியத்தில் பொறியாளர் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். "சுரங்கத்தைப் பார்த்தாகிவிட்டது. சரித்திரக் கதை எழுதுகிறவருக்கு இந்தப் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?" என்று அவர் சிரித்தார். மறுநாள் அவரையே அழைத்துக்கொண்டு சேந்தமங்கலத்துக்குப் புறப்பட்டேன்.

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கெடில நதிக்கரையில் இருக்கும் சிற்றூர் அது. ஒரு காலத்தில் காடவராயர்களின் தலைநகரம். கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராஜராஜ சோழனைப் பிடித்து இங்கேதான் சிறை வைத்தான். கங்கையும் கடாரமும் கண்ட வம்சத்தின் சக்கரவர்த்தி, தனக்கு அடங்கியிருக்க வேண்டிய சிற்றரசனிடம் கைதி! கதாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆவலோடு அரண்மனையைத் தேடினேன். கோட்டையைப் போன்ற மதிலோடு ஆபத்சகாயேசுவரர் கோயில் நிற்கிறது, அரண்மனை இல்லை. அந்நாளைய அரசர்கள் ஆண்டவனுக்குக் கல்லால் வீடு கட்டினார்கள். தங்களுக்குச் செங்கல்லும் மரமும் போதும் என்றிருந்தார்கள். 1990-களில் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்தபோது வெளிப்பட்டவை செங்கல் கட்டடங்களின் அடித்தளங்கள்தாம்.

ஆனால் அதே கெடிலம் கிழக்கே ஓடித் திருவந்திபுரத்தை அடைகிறது. அங்கே தேவநாதப் பெருமாள் கோயிலில் உள்ள சாசனம் மீதிக் கதையைச் சொல்கிறது. சோழன் சிறைப்பட்ட செய்தி கேட்ட ஹொய்சள மன்னன் நரசிம்மன், சோழ ராஜ்யத்தை மறுபடி நிலைநாட்டாமல் வெற்றி எக்காளம் ஊதுவதில்லை என்று சபதம் செய்தான். 1231-இல் அவனுடைய தளபதிகள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பயனும் படையோடு வந்து சேந்தமங்கலத்தை நெருங்கினார்கள். கோப்பெருஞ்சிங்கன் பணிந்தான், சோழன் விடுதலை பெற்றான்.

வீரக் கதைதான். ஆனால் வழியில் நடந்ததையும் அந்தச் சாசனம் மறைக்கவில்லை. எள்ளேரி, கள்ளியூர்மூலை என்று அழிந்த ஊர்களைப் பெயர் சொல்லியே எண்ணுகிறது. மரங்களை வெட்டினார்கள், ஊர்களைக் கொளுத்தினார்கள், பெண்களைப் பிடித்தார்கள். வென்றவர்கள் இதையெல்லாம் பெருமையாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள்! சிறையிலிருந்த ஒரு சோழனுக்காக உருகத் தயாராக இருந்த நான், இந்த ஊர்களின் பெயரைப் படித்ததும் வெட்கப்பட்டேன்.

நகரியத்துக்குத் திரும்பும்போது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வெகு நேரம் பேசாமல் வந்த நண்பர், "எங்கள் சுரங்கத்துக்காகவும் சில ஊர்கள் எழுந்து போயின. அவற்றின் பெயர்களை யாராவது கல்லில் வெட்டி வைக்க வேண்டும், ஐயா" என்றார்.

சரித்திரம் எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல புத்திமதி எனக்குத் தெரியாது.